ஒரு 'சாரி' போதுமா?

காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். மணி அடித்துவிடுமோ என்ற பயத்தில் ஓடி வரும் மாணவன் ஒருவன், முன்னால் செல்பவன் தோளில் இடித்துவிட்டு, "சாரிடா!" என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறான். வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்வி ஒரு மாணவியின் காதில் சரியாக விழவில்லை. எழுந்து நின்று, "சாரி, டீச்சர்?" என்கிறாள். இடைவேளையில் சிற்றுண்டிச்சாலை அக்கா, "சாரி தம்பி, மீ கோரெங் முடிஞ்சிருச்சு" என்று கையை விரிக்கிறார். மாலையில் தோழி ஒருத்தியின் தாத்தா காலமான செய்தி வகுப்பின் புலனக் குழுவுக்கு வருகிறது. அடுத்த நிமிடமே இருபது பேர் ஒரே சொல்லைத் தட்டி அனுப்புகிறார்கள்: 'சாரி'.

இடித்தவன் சொன்னது மன்னிப்பு. மாணவி சொன்னது, 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்னும் வேண்டுகோள். சிற்றுண்டிச்சாலை அக்கா சொன்னது, 'இல்லை' என்பதன் மென்மையான வடிவம். தோழிக்கு அனுப்பியது இரங்கல். நான்கு வேலைகளை ஒரே சொல் செய்துவிட்டது.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எறும்புகள் சாரி சாரியாகப் போகின்றன என்றால் அது வரிசை. அம்மா தீபாவளிக்குச் சாரி வாங்கினார் என்றால் அது சேலை. அண்ணன் சாரி சொன்னான் என்றால் அது ஆங்கிலச் சொல். எழுத்து ஒன்றாக இருந்தாலும் நாம் குழம்புவதில்லை. சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொள்கிறோம். ஆனால், அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பல பொருள்களைப் பிரித்தறிவதில் மட்டும் நாம் அவ்வளவு கவனமாக இல்லை. அந்தக் கவனக்குறைவுக்கு நான் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறேன். விலை கொடுத்தது நான் என்பதைவிட, என் பாட்டி என்று சொல்வதே உண்மை.

அப்போது நான் மூன்றாம் படிவ மாணவன். தாத்தாவை நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அன்று இரவு பாட்டியும் நானும் மட்டுமே அங்கே இருந்தோம். அப்பா வேறு ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தார். பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கடைத்தெருவில் பேசும் அளவுக்கு மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியாது. நள்ளிரவு தாண்டியதும் ஓர் இளம் மருத்துவர் வெளியே வந்தார். பாட்டியின் முன்னால் குனிந்து நின்றார். ஆங்கிலத்தில் மெதுவாக, "ஐ'ம் சாரி" என்றார். பிறகு தாத்தா இறந்துவிட்டதைச் சொன்னார்.

பாட்டி என் முகத்தைப் பார்த்தார். "டாக்டர் என்ன கண்ணு சொல்றாரு?"

எனக்கு நெஞ்சு படபடத்தது. தாத்தா இறந்துவிட்டார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் முதலில் காதில் விழுந்ததை அப்படியே மொழிபெயர்த்தேன். "டாக்டர் மன்னிப்புக் கேக்கிறாரு, பாட்டி."

அதன் பிறகுதான் மற்றதைச் சொன்னேன். பாட்டி அழுதார். சற்று நேரம் கழித்து, அழுகைக்கு நடுவே, "மன்னிப்பா? அவரு என்ன தப்புச் செஞ்சாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பாட்டி அதை மறக்கவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கிறது, அதனால்தான் டாக்டரே மன்னிப்புக் கேட்டார் என்று அவர் நம்பினார். வீட்டுக்கு வருபவர்களிடம் அதைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தமக்கே உடல்நலம் குன்றியபோது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்தார். காரணம் கேட்ட அப்பாவிடம், "உங்க அப்பாவுக்குத் தப்பு நடந்த இடம்தானே அது" என்றார். அப்போதுதான் நான் செய்த பிழை எனக்கு விளங்கியது. அந்த மருத்துவர் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் உயிர் போனதற்காகத் தம் வருத்தத்தைத் தெரிவித்தார். நான்தான் அவர் பேச்சைத் தவறான தமிழ்ச் சொல்லுக்குள் அடைத்துவிட்டேன்.

இந்தப் பிழை எப்படி நேர்ந்தது? 'சாரி' என்றால் மன்னிப்பு என்று நான் மனப்பாடம் செய்திருந்தேன். அகராதியில் முதலில் கண்ட பொருளே முழுப் பொருள் என்று நினைத்துவிட்டேன். ஆனால், அச்சொல்லின் பிறப்பைப் பார்த்தால் மன்னிப்பு அதன் முதற்பொருளே அல்ல.

பழைய ஆங்கிலத்தில் 'சாரிக்' என்பதுபோல் ஒலித்த ஒரு சொல் இருந்தது. அதன் பொருள் 'வேதனை நிறைந்த', 'மனம் நொந்த' என்பதாகும். உடலில் ஏற்படும் புண்ணையும் வலியையும் குறிக்க இன்றும் ஆங்கிலத்தில் 'சோர்' என்னும் சொல் உண்டு. தொண்டை வலிக்கு 'சோர் த்ரோட்' என்கிறார்கள் அல்லவா? அந்தச் சொல்லும் 'சாரி' என்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. துயரம் என்னும் பொருளுடைய 'சாரோ' என்ற ஆங்கிலச் சொல்தான் இதன் உடன்பிறப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஒலியும் பொருளும் நெருங்கியிருந்தாலும் அது வேறு வேரிலிருந்து வந்த சொல். ஆகவே, 'ஐ'ம் சாரி' என்பதன் அடிப்படைப் பொருள் 'என் மனம் வலிக்கிறது' என்பதுதான். அந்த வலி, நான் செய்த தவறை நினைத்தும் வரலாம். உங்கள் இழப்பைக் கண்டும் வரலாம். ஆங்கிலச் சொல் வலியை மட்டும் சொல்கிறது. வலிக்குக் காரணத்தைச் சொல்வதில்லை. அதை நாம்தான் சூழலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று இச்சொல் செய்யும் வேலைகளைச் சற்று வரிசைப்படுத்திப் பார்ப்போம். நாம் தவறு செய்தபோது சொல்வது மன்னிப்பு. பிறர் துன்புற்றபோது சொல்வது இரங்கல் அல்லது ஆறுதல். ஒருவரின் நிலையைப் பார்த்து மனம் இளகும்போது சொல்வது பரிவு. நாம் 'பாவம்' என்று சொல்லும் இடம் இது. முன்பு எடுத்த ஒரு முடிவை நினைத்து நொந்துகொள்வது கழிவிரக்கம். காதில் விழாதபோது கேள்வியின் தொனியில் சொல்வது வேண்டுகோள். கேட்டதைக் கொடுக்க முடியாதபோது சொல்வது மறுப்பு. பழுதடைந்த, பார்க்கச் சகிக்காத நிலையைக் குறிக்கவும் ஆங்கிலேயர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். கூரை இடிந்து கிடக்கும் ஒரு வீடு 'சாரி' நிலையில் இருக்கிறது என்பார்கள். அங்கே அந்த வீடு யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை!

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குறையல்ல. எல்லா மொழிகளிலும் அப்படிப்பட்ட சொற்கள் உண்டு. நம் 'படி' என்னும் சொல்லையே பாருங்கள். ஏறுவதும் படி, அளப்பதும் படி, வாசி என்பதும் படி. ஆனால், மனித உறவுகளைத் தொடும் சொல்லில் பொருள் மாறினால் பொறுப்பும் மாறிவிடுகிறது. இதை நாடுகளுக்கிடையே நடந்த ஒரு நிகழ்ச்சியே நன்றாகக் காட்டுகிறது.

2001ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், தென்சீனக் கடலின் மேலே அமெரிக்கக் கடற்படையின் வேவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி உயிரிழந்தார். சேதமடைந்த அமெரிக்க விமானம், சீனாவின் ஹைனான் தீவில் அவசரமாகத் தரையிறங்கியது. அதிலிருந்த 24 பேரும் அங்கே தடுத்து வைக்கப்பட்டனர். அமெரிக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது சீனா. தவறு தங்களுடையது அல்ல. ஆகவே மன்னிப்புக் கேட்க முடியாது என்றது அமெரிக்கா. இரு தரப்பும் இறங்கி வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஒரு கடிதம். ஏப்ரல் 11ஆம் நாள் அமெரிக்கத் தூதர் சீன அரசிடம் அளித்த அக்கடிதத்தில் 'வெரி சாரி' என்ற தொடர் இரண்டு இடங்களில் இடம்பெற்றிருந்தது. விமானியை இழந்த குடும்பத்துக்காக ஒருமுறை. முன் அனுமதி பெறாமல் சீன எல்லைக்குள் நுழைந்து தரையிறங்கியதற்காக இன்னொரு முறை. அமெரிக்கா தன் மக்களிடம், 'நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். மன்னிப்புக் கேட்கவில்லை' என்று விளக்கியது. சீனாவில் அதே தொடர் மன்னிப்பின் சாயலுள்ள சீனச் சொற்களால் மக்களிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. அடுத்த நாள் 24 பேரும் விடுதலையாகிப் புறப்பட்டனர். 'இரண்டு சாரிகளின் கடிதம்' என்று அது பின்னர் பெயர் பெற்றது.

அந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள் இருந்ததால்தான் அன்று இரு நாடுகளும் தத்தம் கௌரவத்தைக் காத்துக்கொண்டன. தெளிவின்மை சில வேளைகளில் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது அரசதந்திரம். அங்கே இரு தரப்பும் தெரிந்தே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டன. வீட்டிலும் பள்ளியிலும் நாம் நடத்துவது அரசதந்திரம் அல்ல. என் பாட்டிக்கு அந்தத் தெளிவின்மை எந்த நன்மையும் செய்யவில்லை.

இச்சொல்லின் எடையை ஆஸ்திரேலியாவும் நன்கு அறியும். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகள் பலர், அரசின் கொள்கையால் தங்கள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்க்கப்பட்டனர். 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். 1997ஆம் ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை, அரசாங்கங்கள் இதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1999ஆம் ஆண்டு பிரதமர் ஜான் ஹவர்ட் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அதில் 'ஆழ்ந்த, உண்மையான வருத்தம்' தெரிவிக்கப்பட்டது. 'சாரி' என்னும் சொல் இடம்பெறவில்லை. பலருக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், புதிய பிரதமர் கெவின் ரட் அதே நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, நாட்டின் சார்பில் அந்தச் சொல்லைச் சொன்னார். அதைக் கேட்க நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்திருந்த முதியவர்கள் கண்ணீர் விட்டனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'வருத்தம்' என்பதற்கும் 'மன்னிப்பு' என்பதற்கும் உள்ள வேறுபாடு அகராதிச் சண்டை அல்ல. 'இது நடந்ததற்கு வருந்துகிறேன்' என்பவர் வெளியே நின்று பார்க்கிறார். 'இதை நாங்கள் செய்தோம். மன்னியுங்கள்' என்பவர் உள்ளே வந்து பொறுப்பை ஏற்கிறார். பாதிக்கப்பட்டவர்கள் காத்திருந்தது அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான்.

சட்டமும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறது. 'சாரி' என்று சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயந்து, விபத்துக்குப் பிறகு ஆறுதல்கூடச் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. இந்தப் பயத்தைப் போக்கக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2006ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றியது. ஒருவர் மன்னிப்புக் கேட்டாலும் வருத்தம் தெரிவித்தாலும், அதை மட்டும் வைத்து அவர் தவற்றை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அச்சட்டம். ஹாங்காங்கும் 2017ஆம் ஆண்டு இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. என் பாட்டியின் மனத்தில் எழுந்த அதே ஐயத்தைத் தீர்க்க, நாடுகள் சட்டம் எழுத வேண்டியிருந்திருக்கிறது!

நம் நாட்டுக்கு வருவோம். நாம் மூன்று நான்கு மொழிகளுக்கு நடுவே வாழ்கிறோம். மலாய்மொழியில் தவறு செய்தவர் 'மிந்தா மாஃப்' என்கிறார். துக்க வீட்டுக்குச் செல்பவர் 'தக்ஸியா' என்று இரங்கல் தெரிவிக்கிறார். நோன்புப் பெருநாள் வாழ்த்தில் வரும் 'மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்' என்னும் தொடரை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். வெளிப்படையாகச் செய்த பிழைகளையும் மனத்துக்குள் செய்த பிழைகளையும் மன்னியுங்கள் என்பது அதன் கருத்து. துக்க வீட்டில் யாரும் அந்தத் தொடரைச் சொல்லமாட்டார்கள். மலாய்மொழி மன்னிப்புக்கு ஒரு சொல்லும் இரங்கலுக்கு வேறொரு சொல்லும் வைத்திருக்கிறது.

தமிழும் அப்படித்தான். தவறு செய்தால் 'மன்னித்துவிடுங்கள்', 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்கிறோம். மரணச் செய்தி கேட்டால் 'இரங்கல்' தெரிவிக்கிறோம். துன்பத்தில் இருப்பவரிடம் 'கேட்டு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்கிறோம். காதில் விழவில்லை என்றால், 'என்ன சொன்னீங்க?' என்று கேட்கிறோம். இறந்தவர் வீட்டுக்குப் போவதை நம் பெரியவர்கள் 'துக்கம் விசாரிக்கப் போவது' என்பார்கள். எவ்வளவு அழகான தொடர்! நலம் விசாரிப்பதுபோல், துக்கத்தையும் போய் விசாரிக்க வேண்டும். ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவதன்று; பக்கத்தில் அமர்ந்து, கேட்டு, அவர் அழுவதற்கு இடம் கொடுப்பது.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இன்னொரு முக்கிய வேறுபாடும் உண்டு. இது இலக்கணத்திலேயே இருக்கிறது. 'ஐ'ம் சாரி' என்னும் ஆங்கில வாக்கியம் பேசுபவரின் நிலையைச் சொல்கிறது. 'நான் இப்படி உணர்கிறேன்' என்று சொல்லி அது முடிந்துவிடுகிறது. தமிழில் 'மன்னியுங்கள்' என்றால், அந்த வினையைச் செய்ய வேண்டியவர் எதிரில் இருப்பவர். 'மன்னிப்புக் கேட்கிறேன்' என்கிறோம். 'மன்னிப்புச் சொல்கிறேன்' என்று சொல்வதில்லை. கேட்பது என்றால் மற்றவர் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், 'கொஞ்சம் நாள் ஆகட்டும்' என்றும் சொல்லலாம். முடிவு அவர் கையில்.

இதனால்தான் 'சாரி' என்பதை விட்டெறிவது எளிதாகவும், 'மன்னிச்சிரு' என்பதைச் சொல்வது கடினமாகவும் இருக்கிறது. "நான்தான் சாரி சொல்லிட்டேன்ல! இன்னும் என்ன?" என்று நண்பர்கள் சண்டையில் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். நீங்களேகூடச் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தில் 'சாரி' கட்டணம்போல் ஆகிவிட்டது. செலுத்தியாயிற்று, இனி கேள்வி கேட்காதே என்கிறது. 'மன்னிப்புக் கேட்டேன்' என்று மனத்தார உணர்ந்தவர் அப்படிக் கத்த முடியாது. ஏனென்றால், கேட்டவர் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் என்னை மறுப்பார்கள். 'தோளில் இடித்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டால் மேடை நாடகம்போல் இருக்காதா? நண்பனிடம் "என்னை மன்னித்துவிடு" என்று சொன்னால் அவன் சிரிக்கமாட்டானா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அன்றாட வாழ்க்கையின் சிறு உரசல்களுக்கு 'சாரி' பொருத்தமாகவே இருக்கிறது. அது இலேசான சொல். இலேசான இடத்தில் இருக்கட்டும். பேருந்திலும் கடையிலும் அச்சொல்லைத் தடை செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பிறமொழிச் சொல்லைக் கண்டாலே விரட்டுவதால் தமிழ் வளர்ந்துவிடாது.

வேறு சிலர், 'நம் வீடுகளில் யார்தான் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிறார்கள்?' என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. அப்பா கோபத்தில் திட்டிவிட்டால், மாலையில் நமக்குப் பிடித்த பலகாரத்தை வாங்கி வந்து மேசையில் வைப்பார். அம்மா அறைக் கதவைத் தட்டி, "சாப்பிட வா" என்பார். அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு முழு மன்னிப்பே இருக்கும். அதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்குத் தெரியும். செயலால் கேட்கப்படும் மன்னிப்பு உயர்ந்ததுதான். ஆனால், எல்லாத் தவறுகளுக்கும் பலகாரம் போதாது. நண்பனின் இரகசியத்தை வெளியே சொல்லிவிட்டோம். வகுப்பின் முன்னால் ஒருவரை அவமானப்படுத்திவிட்டோம். தங்கையின் உழைப்பை நம் கவனக்குறைவால் பாழாக்கிவிட்டோம் என்றால், அங்கே என்ன செய்தோம் என்பதை வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, என் கருத்து இதுதான்: 'சாரி' என்னும் சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால், அது நாம் யோசிக்காமல் தப்பிப்பதற்கான குறுக்குவழியாகிவிடக் கூடாது. அச்சொல் நாக்கில் எழும்போது மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.

முதல் கேள்வி: இது என்னால் நடந்ததா? என்னால் நடந்தது என்றால் வேண்டியது மன்னிப்பு. என்னால் நடக்கவில்லை என்றால் வேண்டியது ஆறுதலோ இரங்கலோ. இந்த ஒரு கேள்வியை அன்று மருத்துவமனையில் கேட்டிருந்தால், நான் தவறாக மொழிபெயர்த்திருக்கமாட்டேன்.

இரண்டாம் கேள்வி: எதிரில் இருப்பவர் எதை இழந்தார்? நேரத்தை இழந்தாரா, பொருளை இழந்தாரா, மானத்தை இழந்தாரா, ஓர் உறவையே இழந்தாரா? இழப்பின் அளவு தெரிந்தால், அதற்கேற்ற சொல் தானே கிடைக்கும். தாத்தாவை இழந்த தோழிக்கு இரண்டு எழுத்தில் ஒரு சொல் அனுப்புவதற்குப் பதிலாக, 'உன் தாத்தா பள்ளி வாசலில் உனக்காகக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்று உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்' என்று எழுதலாம். எழுத ஒரு நிமிடம் ஆகும். ஆனால், அந்தத் தோழி அதைப் பல காலம் வைத்திருப்பாள்.

மூன்றாம் கேள்வி: சொன்ன பிறகு நான் செய்ய வேண்டியது என்ன? உடைத்ததைச் சரிசெய்வதா, உண்மையை மற்றவர்களிடம் சொல்வதா, உடனிருப்பதா? செய்வதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் சொல் மட்டும் போதும். செய்வதற்கு ஒன்று இருக்கும்போது சொல் தொடக்கம் மட்டுமே.

மாணவர்களாகிய உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில், தாத்தா பாட்டிக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்கள் நீங்கள்தாம். வங்கிக் கடிதத்தையும், மருந்துச் சீட்டையும், அலுவலகத்தில் சொல்லப்படுவதையும் தமிழில் எடுத்துச் சொல்பவர்கள் நீங்கள். உங்களை யாரும் தேர்வு வைத்து அந்த வேலையில் அமர்த்தவில்லை. ஆனாலும், நீங்கள் சொல்வதைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். ஆகவே, ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அச்சொல் எங்கே, யாரால், எதற்காகச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். மொழிபெயர்ப்பவர் சொல்லை மட்டுமன்று, சொல்பவரின் மனத்தையும் மறு பக்கம் கொண்டு சேர்க்க வேண்டும்.

என் பிழையை உணர்ந்த அன்று, பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து உண்மையைச் சொன்னேன். "பாட்டி, அன்னைக்கு டாக்டர் மன்னிப்புக் கேக்கல. தாத்தா போனதுக்கு அவரும் வருத்தப்படுறேன்னு சொன்னாரு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் எனக்காக வருத்தப்பட்டானா? அது தெரியாம இத்தன நாளா அவனத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றார். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். மறுநாள் அப்பாவோடு மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

அந்த மருத்துவர் சொன்ன ஒரு சொல்லை, அதன் சரியான பொருளோடு பாட்டியிடம் கொண்டு சேர்க்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.